ஒரு துளைக்கு ஒரு முடி

கேள்வி: அக்கா, தாராவியில் இருந்து எழுதுகிறேன். வயது 25. அந்தேரியில் சினிமாவுக்குச் செயற்கைத் தோலும் முகமும் செய்யும் ஒரு ப்ராஸ்தெடிக் ஸ்டுடியோவில் இரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். அச்சு எடுப்பது, ஓரம் வெட்டுவது, கலர் கலப்பது, இவ்வளவுதான் இதுவரை என் வேலை. இப்போது ஒரு வெப் சீரிஸுக்காக 75 வயது மில் தொழிலாளியின் சிலிகோன் தலையைக் கொடுத்து முடி குத்தச் சொல்லிவிட்டார்கள். இறந்து கிடக்கும் காட்சிக்கு. அதே முதியவராக நடிப்பவருக்குப் புருவத்தோடு நெற்றித் துண்டும் உண்டு. தலை டிராகன் ஸ்கின் 10 என்கிற சிலிகோன். நெற்றித் துண்டு டெட்னர் (சிலிகோனை மெத்தென்று ஆக்கும் எண்ணெய்) கலந்த ஜெல், மேலே கேப் பிளாஸ்டிக் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஆன்லைனில் 36ஆம் நம்பர் ஃபெல்டிங் ஊசி வாங்கி ஆரம்பித்தேன். துளை துளையாகத் தெரிகிறது. சீப்பு போட்டால் முடி கையோடு வருகிறது. முன்நெற்றி பொம்மைத் தலை மாதிரி இருக்கிறது. ஆறு நாள்தான் இருக்கிறது. முழுத் தலைக்கும் குத்த முடியுமா? எங்கே தப்பு செய்கிறேன்? போட்டோ இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான்கு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தலை நன்றாக வந்திருக்கிறது. அந்தக் கன்னத்துக் குழியையும் கழுத்துச் சுருக்கத்தையும் செதுக்கியது யாரோ, கை தேர்ந்தவர். முடியில்தான் கெடுகிறது. பயப்படாதே, பிடுங்கிவிட்டுத் திரும்பக் குத்தலாம். ஊசி மெல்லியதாக இருந்தால், அது போன வழியைச் சிலிகோன் தானே மூடிக்கொள்ளும். மெழுகில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

முழுத் தலைக்கும் குத்தலாமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆறு நாள் என்று படித்ததுமே எனக்குக் கழுத்து வலித்தது. குத்தாதே. மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. பழகிய கை நிமிடத்துக்கு எட்டு, பத்து வைக்கும். நடுவில் கண்ணைத் துடைத்து, ஊசி மாற்றி, ஒரு கட்டிங் சாய் குடித்து என்று போனால் மணிக்கு 500 கணக்கு. ஒரு லட்சத்துக்கு 200 மணி நேரம். நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் இருபது நாள் ஆகும். பெரியவருக்குப் பாதி வழுக்கை என்று வைத்தாலும் பத்து நாள். நீயோ இன்னும் பழகாத கை.

ஒவ்வொரு முடியாகக் குத்தி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு ஆஸ்கர் வாங்கிய மேக்கப் கலைஞர் கஸு ஹிரோ சில காலம் சினிமாவை விட்டு ஒதுங்கி, ஆபிரகாம் லிங்கன், தன் குருவான டிக் ஸ்மித் போன்றவர்களின் முகங்களை நிஜ அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாகச் சிலிகோனில் செய்தார். மயிர்க்கால் மயிர்க்காலாகப் பார்க்கலாம். சிற்பி ரான் மியூக் 1990களில் இறந்துபோன தன் அப்பாவின் உடலைச் சிற்பமாகச் செய்தபோது தன் சொந்த முடியையே அதில் வைத்தார். மெழுகு மியூசியங்களிலும் ஒவ்வொரு முடியாகத்தான் செருகுகிறார்கள். அவர்களுக்கு ஷூட்டிங் தேதி கிடையாது. பார்க்க வருகிறவர் சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், மூக்கு படுகிற தூரத்தில் நிற்கலாம். உன் பெரியவரைக் கேமரா ஒரு பக்கத்தில் இருந்துதான் பார்க்கப்போகிறது.

அதனால் நாளைக் காலையில் முதல் வேலை, கேமராமேனையோ அவருடைய அசிஸ்டண்டையோ பிடி. தலை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும், கேமரா எவ்வளவு கிட்டே வரும், யாராவது நெற்றியைத் தடவுவார்களா, இந்த மூன்றையும் கேள். உதவியாளர் போய் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதே. கேட்காமல் செய்துவிட்டு அப்புறம் இடது பக்கம்தான் தெரியும் என்று தெரியவந்தால் உன் ராத்திரிதான் போகும். தலையணையில் அழுந்திக் கிடக்கும் பிடரிக்கு முடி குத்திக்கொண்டிருப்பது பக்தி, வேலை இல்லை.

குத்த வேண்டியது ஒரு பட்டை மட்டும்தான். ஒரு காதுக்கு மேலிருந்து நெற்றி வழியாக இன்னொரு காது வரை, இரண்டு சென்டிமீட்டர் அகலம். நீளம் முப்பது சென்டிமீட்டர் வைத்துக்கொள். ஆக 60 சதுர சென்டிமீட்டர். வயதானவருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது முடி போதும், மொத்தம் 3,000. எனக்கு ஆறேழு மணி நேரம், உனக்கு இரண்டு நாள். அதற்குப் பின்னால் லேஸில், அதாவது மெல்லிய வலைத் துணியில், ஒவ்வொரு முடியாக முடிச்சு போட்ட விக்கை ஒட்டிவிடு. விக்கின் முன் ஓரத்தை ட்வீசரால் பிடுங்கி நன்றாகக் கலைத்துவிட்டு, குத்திய முடி அதன்மேல் அரை அங்குலமாவது படிகிற மாதிரி வை. தோலும் முடியும் சேரும் இடத்தைத்தான் கண் சந்தேகப்படும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை அது நம்பிவிடும்.

விக்குக்கு முடிச்சு போட்டுத் தொழிலுக்கு வந்தவள் என்பதால் விக்குக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. நான் முடிச்சில் ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, இந்த ஊர் சினிமா சங்கத்தில் பெண்களுக்கு ஹேர் டிரெஸ்ஸர் கார்டுதான் கொடுப்பார்கள், மேக்கப் கார்டு கிடையாது. முடியைத் தொடலாம், முகத்தைத் தொடக்கூடாது! சாரு குரானா என்கிற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பரில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதுவரைக்கும் என்னைப் போன்றவர்கள் லேஸும் கொக்கி ஊசியுமாகவே காலத்தை ஓட்டினோம். அதில் ஒரு லாபமும் உண்டு. முகத்தைத் தொட அனுமதி கிடைத்தபோது, முடி எந்தப் பக்கம் சாயும் என்பது கைக்கு மனப்பாடமாகியிருந்தது.

இனி ஊசி. ஃபெல்டிங் ஊசியின் நம்பர் ஏற ஏறத் தடிமன் குறையும். 36 தடி ஊசி, கம்பளியை மொத்தமாக உள்ளே தள்ளுவதற்கானது. முனைக்கு மேலே அதன் ஓரங்களில் சின்னச் சின்னக் கொத்துகள் வெட்டியிருக்கும். அவற்றில் முடி சிக்கித்தான் உள்ளே போகிறது. தடி ஊசியில் இரண்டு மூன்று முடி ஒரே துளையில் போய்விடும், துளையும் முடியைவிடப் பெரிதாகத் திறக்கும். தலைமுடி தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்கு முப்பத்தாறாம் நம்பர் என்பது நூல் நுழைய வேண்டிய இடத்தில் கயிற்றுத் துளை. 40, 42 வாங்கு. உள் பக்கத்துக்கு, அதாவது விக்கோடு சேரும் இடத்துக்கு, 38 பரவாயில்லை. முன் வரிசைக்கு 42க்குக் கீழே போகாதே.

நான் நெற்றி ஓரத்துக்கும் புருவத்துக்கும் ஃபெல்டிங் ஊசியே வைப்பதில்லை. நானே வெட்டிய கவை ஊசிதான். உன் வீட்டுப் பக்கத்திலேயே ஜரி வேலை கார்கானாக்கள் இருக்கின்றன, அங்கே முத்து கோர்க்கிறவர்கள் எந்தக் கடையில் ஊசி வாங்குகிறார்கள் என்று கேள். அதில் மெல்லியதாக ஒரு டஜன் வாங்கு. ஊசியின் கூர்முனை நமக்கு வேண்டாம், அதை வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் பின் வைஸுக்குள் விட்டு இறுக்கிவிடு. வெளியே நிற்பது காதுப் பக்கம். காதின் மேல் வளைவை, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நுனிக் கட்டரால் சற்றுச் சாய்வாக வெட்டு. காது திறந்து, பாம்பு நாக்கு மாதிரி இரண்டு முனை நிற்கும். நாக்கு நீளமாக இருந்தால் முடி அதற்குள் ஆடும். அதனால் அரை மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்து மீதியை எண்ணெய்க் கல்லில் தேய். இரண்டு முனைகளின் வெளிப்பக்கத்தையும் கல்லில் சாய்த்துக் கூராக்கு. கடைசியில் மெல்லிய எமரி பேப்பரின் ஓரத்தைக் கவைக்குள் விட்டு இரண்டு இழு இழு. உள்ளே பிசிறு இருந்தால் முடியை அறுத்துவிடும். பத்து ஊசி வெட்டினால் மூன்றுதான் தேறும், சலித்துக்கொள்ளாதே. காதற்ற ஊசிகூடக் கடைசியில் கூட வராது என்பார்கள் பெரியவர்கள். நமக்கு ஆறு நாளைக்கு அது கூட வந்தால் போதும்.

ஒரு முடி எப்படி உள்ளே போகிறது என்று சொல்கிறேன், இதை மட்டும் மெதுவாகப் படி. இடது கையில் பத்துப் பதினைந்து முடிக் கற்றை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, வேர்ப் பக்கம் வெளியே நீட்டியபடி. அதிலிருந்து ஒரே ஒரு முடியை விரலால் உருட்டிப் பிரித்து, வேர் முனை தோல்மேல் படுகிற மாதிரி படுக்க வை. வேர் முனையில் இருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிக் கவையை அதன்மேல் வை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. நடு முடியில் வைத்தால் ஒரு துளையில் இருந்து இரண்டு முடி வி மாதிரி கிளம்பும், அதில் ஒன்றுக்கு வேர் மேலே இருக்கும். முனைக்கு ரொம்பக் கிட்டே வைத்தால் பிடிப்பு இருக்காது. முடி எந்தக் கோணத்தில் சாய வேண்டுமோ அதே கோணத்தில் ஊசியைச் சாய்த்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளு. இடது விரலைத் தளர்த்திவிடு. அப்புறம் போன வழியிலேயே, திருகாமல், நேராக ஊசியை உருவு. உருவும்போது கை கொஞ்சம் தூக்கினாலும் முடி கூடவே வந்துவிடும். சரியாகப் போயிருந்தால் முடியை லேசாக இழுக்கும்போது தோலும் கூடவே சின்னக் கூம்பாக எழும். அந்தக் கூம்பு எழவில்லையென்றால் அந்த முடி நிற்காது, உடனே எடுத்துவிடு.

சீப்போடு முடி வருவதற்குத் தடி ஊசி ஒரு காரணம். இன்னொன்று, கடையில் வாங்கிய முடியை அப்படியே பயன்படுத்தியிருப்பாய். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக விழுந்து ஏலம் போய் விக் கடைக்கு வரும் முடிக்குப் பளபளப்புக்காக ஏதாவது பூசித்தான் விற்பார்கள். பெரும்பாலும் அதுவும் ஒரு சிலிகோன் எண்ணெய்தான். வழுக்காமல் என்ன செய்யும்? சாதாரண ஷாம்பூவில் இரண்டு முறை அலசி, கண்டிஷனர் போடாமல், காற்றில் காய வை. அலசும்போது வேர்ப் பக்கத்தை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள், இல்லையென்றால் வேரும் நுனியும் கலந்துவிடும். கலந்தால் என்ன என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். தரையில் கொட்டிப்போன கட்டு ஒன்றை அவசரத்தில் பொறுக்கி ஒரு முழு மீசை குத்தினேன். முடியின் மேல் செதில் வேரில் இருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். தலைகீழாகக் குத்தியவற்றின் செதில் மற்றவற்றோடு கோத்துக்கொண்டது, நாலு தடவை சீவியதும் மீசை தேங்காய் நார் ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க ட்வீசரோடு உட்கார்ந்து பிடுங்கினேன்.

உன் தலைக்கு, தோலுக்குப் பின்னால் கை போகும் என்றால், இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு. முடி பின்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஆழமாகக் குத்திவிட்டு, உள்ளிருந்து அதே சிலிகோனை மெல்லிய பூச்சாகத் தடவு. சிலிகோனோடு சிலிகோன்தான் ஒட்டும், ஃபெவிகால், ஃபெவிக்விக் எதுவும் வேலைக்கு ஆகாது. லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு இந்தப் பூச்சைத் தடவாதே. பிளாட்டினம் சிலிகோன் கந்தகத்தைத் தொட்டால் இறுகாது, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். வினைல் கையுறை போடு. தோலுக்குள் கடினமான கோர் இருந்தால் பின்பக்கம் எட்டாது, ஊசியும் முட்டி ஒடியும். அந்த இடத்தில் ஆழம் மூன்று மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள். டிராகன் ஸ்கின் 10 ஓரளவு இறுக்கமானது, மெல்லிய ஊசி போட்டால் அந்த ஆழத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

நெற்றித் துண்டு வேறு கதை. டெட்னர் அதிகமாக ஊற்றிய ஜெல் முடியைப் பிடிக்காது, அல்வாவில் ஈர்க்குச்சி செருகிய மாதிரிதான். இனி ஊற்றப்போகும் துண்டுகளில் புருவம் வரும் இடத்தில் மட்டும் டெட்னர் குறைத்த கலவையை முதலில் கொஞ்சம் பூசிவிட்டு, மிச்சத்தை அதன்மேல் ஊற்றச் சொல். ஏற்கெனவே ஊற்றிய துண்டில் குத்தும்போது பின்பக்க உறையைத் துளைத்துவிடாதே. எண்ணெய் கசிந்தால் நடிகரின் தோலில் பசை பிடிக்காது. மெல்லிய ஓரங்களுக்குப் பக்கத்திலும் ஊசி கொண்டு போகாதே, அங்கே முடி வேண்டுமென்றால் ஒட்டி முடித்த பிறகு பசையால் ஒவ்வொன்றாகப் படியவைக்கலாம். எத்தனை நாள் ஷூட்டிங் என்று நீ எழுதவில்லை. ஜெல் துண்டை முகத்தில் இருந்து கழற்றும்போது ஓரம் கிழிந்துவிடும், மறுநாளைக்குப் புதுத் துண்டு. ஆக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜோடிப் புருவம். நான் ஒரு புருவத்துக்கு 250, 300 முடி வைப்பேன், ஜோடிக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அதைச் செய்யலாம். யாராவது வந்து தாடியையும் துண்டிலேயே குத்திக் கொடு என்று சொன்னால், அந்த நேரத்தில் நாள்தோறும் ஒரு தாடி குத்த எத்தனை பேர் தருவீர்கள் என்று மட்டும் கேள். லேஸ் தாடி ஒன்று செய்தால் பத்திரமாகக் கழற்றிக் கழுவி மாதக்கணக்கில் ஓட்டலாம்.

பொம்மைத் தலை மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்லிவிட்டாய், பாதி வேலை முடிந்தது. போட்டோவில் முன்நெற்றி ஓரம் நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை பிடித்து நிற்கிறது. எல்லா முடியும் ஒரே தடிமன், ஒரே நீளம், செங்குத்தாகக் கிளம்புகிறது. உண்மையான நெற்றியில் ஓரம் என்ற கோடே கிடையாது. முதலில் பூனை முடி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், திக்குக்கு ஒன்றாக. அடுத்து மெல்லிய ஒற்றை முடிகள், தள்ளித் தள்ளி. அதற்குப் பின்னால்தான் அடர்த்தி. தோலோடு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுதான் கிளம்பும், முப்பது டிகிரிகூட இருக்காது. அதனால் உன் முதல் இரண்டு வரிசையை முழுக்கப் பிடுங்கிவிடு. பூனை முடிக்கு நல்ல மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் முடி, கொஞ்சம் வாங்கு. நுனியைக் கத்தரியால் நேராக வெட்டாதே, இயற்கையான கூர் நுனி இருக்கட்டும்.

குத்துவதற்கு முன் ஐப்ரோ பென்சிலால் தலை முழுக்க அம்புக்குறி போட்டுக்கொள், பிறகு துடைத்தால் போய்விடும். பின்னால் இருந்து முன்னால் வா. முன்னால் ஆரம்பித்தால் குத்திய முடியே அடுத்த வரிசையை மறைக்கும். உச்சிச் சுழி விக்கில் வரும் என்றாலும் சுழியை நன்றாகப் பார்த்து வை, ஏனென்றால் அங்கே கிளம்பும் சுழற்சிதான் நெற்றியில் வகிடு எந்தப் பக்கம் விழும் என்பதை முடிவு செய்கிறது. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று ஊரில் கேலி செய்வார்களே, அந்த ரெட்டைச் சுழிக்காரர் தலை எப்படி எந்தச் சீப்புக்கும் அடங்காமல் நிற்கும் என்று கவனித்திருக்கிறாயா? மும்பையில் இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் லோக்கல் ரயில்தான். நமக்கு லேடீஸ் டப்பா என்பதால் ஆம்பளைத் தலை கிடைக்காது. சயானில் ஏறி தாதரில் வெஸ்டர்னுக்கு மாறும்போது பாலத்தில் கூட்டம் நகராமல் நிற்கும் பார், உன் மூக்குக்கு முன்னால் இருபது பிடரி. நான் நோட்டே போட்டு வரைந்திருக்கிறேன். மாட்டுங்காவில் கோயில் வாசலில் உட்காரும் நம் தாத்தாக்களும் பாடம்தான், நரை எங்கே ஆரம்பித்து எங்கே வெறும் கறுப்பாக நிற்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். நரை சீராகக் கலக்காது. பெரும்பாலும் கிருதாவில் முதலில் வெளுக்கும், பிடரியில் கடைசிவரை கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நீ உப்பும் மிளகும் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே அளவு கலந்திருக்கிறாய். வெள்ளைக்கு யாக் முடி போடு, முரடாக நிற்கும், கிழப் புருவத்துக்கு அதுதான் பொருத்தம். சாயம் எடுத்த மனித முடி மஞ்சளடிக்கும்.

புருவத்தை வெளி முனையில், காதுப் பக்கம் ஆரம்பித்து மூக்கை நோக்கி வா. மூக்கோரம் முடி மேல்நோக்கிக் கிளம்பும், போகப் போகப் பக்கவாட்டில் சாயும். நடுப்பகுதியில் கீழ் வரிசை மேலேயும் மேல் வரிசை கீழேயும் சாய்ந்து நடுவில் ஒரு மெல்லிய முதுகாகச் சேரும். இந்த முதுகு இல்லாத புருவம் ஒட்டிய துணி மாதிரித்தான் தெரியும். 75 வயதுக்காரருக்கு ஐந்தாறு முடி மட்டும் இரண்டு மடங்கு நீளமாக, முறுக்கிக்கொண்டு, யார் சொல்லும் கேட்காமல் நிற்கட்டும். காது வாயிலும் நாலு முடி வை. அதைப் பார்க்கிறவர் யாரும் கவனிக்க மாட்டார், ஆனால் தாத்தா என்று நம்பிவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. ஊசியை எண்ணு. ஃபெல்டிங் ஊசி உரமேற்றிய எஃகு, வளையாது, பட்டென்று ஒடியும். பிளாஸ்டர் தலைமேல் வைத்துக் குத்தினால் நிச்சயம் ஒடியும், அதனால் நெற்றித் துண்டைத் தடிமனான ஸ்பாஞ்ச் மேல் வைத்துக்கொள். பல வருடத்துக்கு முன் நான் குத்திய புருவத் துண்டை ஒட்டிய அரை மணியில், ஏதோ சுருக்கென்கிறது என்றார் நடிகர். பசை இழுக்கும், சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். மத்தியானம் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு மில்லிமீட்டர் ஊசி முனை! கண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே. நல்ல மனிதர், யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒடிந்த முனைகளை எல்லாம் ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு வைக்கிறேன், ஊசியோடு முனை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி எடுப்பேன். முனை கிடைக்கவில்லையென்றால் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்றைத் துண்டின்மேல் மெதுவாக நகர்த்து, தோல் எங்கே லேசாக எழும்புகிறதோ அங்கே இருக்கும். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு நடிகர் முகத்துக்குப் போகக்கூடாது. இருபது மணி நேர வேலையாக இருந்தாலும் சரி.

கலரை எல்லாம் முடி குத்துவதற்கு முன்பே முடித்துவிடு, நரம்பு, மச்சம், தேமல் உட்பட. பிறகு தொட்டால் முடியின் அடியில் பெயிண்ட் திரண்டு நிற்கும். முடித்த பிறகு டால்கம் பவுடர் போட்டுப் பளபளப்பைக் குறை. இந்த மழைக்கால ஈரத்தில் பவுடர் முடியின் அடியில் கட்டியாகும், மெல்லிய பிரஷால் ஊதித் தட்டிவிடு. நெற்றித் துண்டின் உறை ஸ்பிரிட்டில் கரையும் வகையா, அசிட்டோனில் கரையும் வகையா என்று உன் சீனியரிடம் கேட்டுக்கொள். ஸ்பிரிட்டில் கரைவதென்றால் ஹேர் ஸ்பிரே பக்கத்திலேயே வரக்கூடாது, அதில் இருப்பதும் ஆல்கஹால்தான், ஓரம் சுருண்டுவிடும். புருவத்தைப் படியவைக்கத் தண்ணீரில் கரையும் ஜெல் போதும்.

சம்பளம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. ஆறு நாளில் இதை முடிக்க உனக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். 3,000 முடி, மணிக்கு இத்தனை, புருவம் இத்தனை ஜோடி என்று ஒரு தாளில் எழுதி உன் ஸ்டுடியோக்காரரிடம் நீட்டு. முடியாது சார் என்று வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள். கணக்கை எழுதிக் காட்டினால் ஆள் போடுவார்கள், இல்லை கேமராவைத் தள்ளி வைப்பார்கள்.

இன்று ராத்திரி தலையைத் தொடாதே. மிச்சம் இருக்கும் டிராகன் ஸ்கின்னில் உள்ளங்கை அளவு, ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு ஊற்று. காலையில் அதில் 42ஆம் நம்பரால் நூறு முடி, கவை ஊசியால் நூறு முடி, இரண்டு மூலையில் குத்து. நனைத்து, பத்துத் தடவை சீவு. எந்த மூலையில் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணி எனக்கு எழுது. தகட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோவும் அனுப்பு. மேலிருந்து எடுக்காதே, துளை தெரியாது.